மெழுகில் ஒரு செம்மண் நிலம்



வேதாகமத்தில் மெழுகு எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தில் அதற்குரிய சொல் 'தோனாக்' என்பது. அது நான்கே இடங்களில் வருகிறது: சங்கீதம் 22, 68, 97, பின்பு மீகா தீர்க்கதரிசியின் முதலாம் அதிகாரம். நான்கிலும் மெழுகுக்கு ஒரே வேலைதான். அது உருக வேண்டும். ஓரிடத்தில் துன்பப்படுகிறவனுடைய இருதயம் உருகுகிறது. ஓரிடத்தில் துன்மார்க்கர் உருகிப்போகிறார்கள். மற்ற இரண்டு இடங்களிலும் மலைகளே உருகுகின்றன. ஆகவே பிரசங்க மேடையில் மெழுகு என்றவுடன் நிலையாமைக்கும் பலவீனத்துக்கும் உவமை என்பது நெடுநாள் வழக்கமாகிவிட்டது. உருகிற்று என்றால் தீர்ந்தது என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம்.

உருகிய பின்பு மெழுகு என்ன செய்கிறது என்பதைப் பற்றி இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். கடந்த சில மாதங்களாகத் திங்கட்கிழமைகளில், ஒரு போதகருக்கு வாரத்தில் வாய்க்கும் அந்த ஒற்றை ஓய்வு நாளில், மெழுகு ஓவியம் கற்று வருகிறேன். உருக்கிய தேன்மெழுகில் வண்ணப்பொடியைக் கலந்து, பலகையின்மேல் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் மீண்டும் சூடாக்கி அடியிலுள்ளதோடு இணைத்து வரைகிற முறை இது. இதை 'என்காஸ்டிக்' என்கிறார்கள். கிரேக்கச் சொல்; எரித்து உட்புகுத்துதல் என்று பொருள் சொல்லலாம். அதன் வேர் 'கையோ' என்னும் வினை. லூக்கா 24ஆம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்குப் போன இரு சீஷர்கள், வழியில் தங்கள் இருதயம் கொழுந்துவிட்டதைப் பிற்பாடு நினைவுகூரும்போது அதே வினைச்சொல்தான் வருகிறது. இறையியல் கல்லூரியில் கிரேக்க வினைகளை மனப்பாடம் செய்த நாட்களில், ஐம்பது வயதுக்குமேல் ஒரு மின் அடுப்பின் முன்னால் அமர்ந்து அந்தச் சொல்லின் பொருளைக் கையால் தொடுவேன் என்று யார் நினைத்தார்?

ஏன் இந்த வயதில் இந்த வேலை என்று சிலர் கேட்டார்கள். காரணம் உண்டு.

எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரர் இருக்கிறார். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் செல்லும் சாலையையொட்டி அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மானாவாரியில் கேழ்வரகும் அவரையும் விளைந்த நிலம். கிணறு வெட்டிய பின்பு தக்காளி. நம் ஊர்த் தக்காளிச் சந்தைக்கு விடியுமுன் கூடைகளை ஏற்றி வந்தவர்களில் அவரும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலத்தை விற்றுவிட்டார். பெண்ணின் திருமணம், மகனின் படிப்பு, தக்காளி விலை விழுந்த இரண்டு பருவங்கள் என எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள்தாம். இன்று அங்கே ஒரு சுற்றுச்சுவரும் தகரக் கூரையிட்ட கிடங்கும் நிற்கின்றன.

ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின்பு அவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் செம்மண். பத்திரம் பதிவதற்கு முந்தின நாள் மாலையில் அள்ளி வைத்ததாம். "பாஸ்டர் ஐயா, கல்யாணப் படம் இருக்கு, பிள்ளைங்க படம் இருக்கு. நிலத்தை யாரு படம் பிடிச்சு வைப்பாங்க? நீங்கதான் ஞாயிறு பள்ளிக்கு நல்லா வரைவீங்களே. இந்த மண்ணை வச்சு ஏதாச்சும் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

அவருடைய துணைவியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்; உள்ளே வரவில்லை. அந்த அம்மையாருக்கு நிலத்தை விற்பதில் சம்மதம் இருக்கவில்லை என்பது சபையில் பலருக்கும் தெரியும். விற்ற நாள் முதல் ஓசூருக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து ஜன்னலோரமாகத்தான் அமருவார். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், ஒரே பாயில் அமர்ந்து ஜெபிக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் பேசுவதில்லை. போதக ஊழியத்தில் நான் கண்டவரை, சத்தமான சண்டையைவிட இப்படிப்பட்ட அமைதிக்கு அருகில் செல்வதுதான் கடினம்.

தொழிற்சாலைகளைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானபோது, வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்கிற ஒன்று முதன்முறையாகக் கிடைத்தது. எங்கள் சபையின் காணிக்கைப் பையில் விழுவதில் பாதி அந்தச் சம்பளம்தான். கர்நாடக எல்லைவரை நீளும் இந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் பேசப்படுவதற்கும் அந்த வேலைகள் துணைசெய்திருக்கின்றன. ஆயினும் பெற்றது ஒன்று இருக்க, இழந்தது ஒன்றும் இருக்கிறது. பெற்றதற்கு ரசீது உண்டு. இழந்ததற்கு ஒரு பிஸ்கட் டப்பாதான்.

வண்ணமாக மண்ணையே பயன்படுத்த வேண்டுமென்றால் நீர்வண்ணம் உதவாது. நாளடைவில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பெங்களூரில் ஓவியம் பயின்று திரும்பிய ஒரு வாலிபச் சகோதரி எங்கள் சபையில் உண்டு. அவள்தான் மெழுகைப் பற்றிச் சொன்னாள். மண், காகிதம், நூல், காய்ந்த இலை என்று எதையும் மெழுகு தன்னுள் வாங்கிக்கொள்ளும், நிறம் மங்காமல் வைத்துக்கொள்ளும் என்றாள். அவளே எனக்கு ஆசிரியை ஆனாள். வேத பாடத்தில் என்னிடம் பயின்ற பிள்ளை இப்போது, "பொறுங்க பாஸ்டர், இன்னும் சூடு ஏறலை" என்று என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மூலப்பொருள்கள் இரண்டே. தேன்மெழுகு ஒன்று, குங்கிலியம் மற்றொன்று. எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம் என்பது இளகலான கலவை. நான்குக்கு ஒன்று என்பது கெட்டியானது. மெழுகு மட்டும் இருந்தால் நகம் பட்டாலே தடம் விழும். குங்கிலியம் சேர்ந்தால் இறுகும், மெருகும் ஏறும். நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களின் பிசின் விற்கிறார்கள். வெள்ளைக் குங்கிலியம் என்று கேட்டு, தெளிந்த துண்டுகளைப் பொறுக்கி வாங்க வேண்டும். உருக்கும்போது மரப்பட்டைத் தூசி அடியில் தங்கும், துணியில் வடிகட்டிவிடலாம்.

இந்தக் கலவையின் பெயரைக் கேட்டவுடனே எனக்குச் சுவாமிமலை நினைவுக்கு வந்தது. அங்கே காவிரிக் கரையின் வண்டல் மண்ணை வைத்து வெண்கலம் வார்க்கும் ஸ்தபதிகள், முதலில் மெழுகில்தான் உருவம் செய்கிறார்கள். அவர்களுடைய மெழுகும் தேன்மெழுகு, குங்கிலியம், அதனோடு கொஞ்சம் கடலை எண்ணெய். அந்த மெழுகு உருவத்தின்மேல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் பாயும். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலிலே இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே கலவைதான், அங்கே அது தன்னை இழந்து வழிவிடுகிறது, இங்கே தானே தங்கிவிடுகிறது. கிரேக்கர் அறிந்ததை நம் நாட்டாரும் வேறொரு வேலைக்காக அறிந்திருந்தார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தேனீயும் பிசின் கசியும் மரமும் உள்ள இடமெல்லாம் மனிதன் இரண்டையும் ஒரு சட்டியில் இட்டுப் பார்த்திருப்பான் போலும்.

தேனீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெழுகு அதன் கூட்டில் தானாகத் திரள்வதில்லை. வேலைக்காரத் தேனீயின் அடிவயிற்றுச் சுரப்பிகளிலிருந்து சிறு செதில்களாக அது வெளிப்படுகிறது. தேனீ அதை வாயால் மென்று அறுகோண அறைகளாகக் கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறு முதல் எட்டு கிலோ தேனைத் தேனீக்கள் உண்ண வேண்டியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இதை அறிந்த நாள் முதல் சட்டியின் ஓரத்தில் ஒட்டியதையும் சுரண்டிச் சேர்க்கிறேன்.

தென்னிந்தியாவில் பெட்டிகளில் தேனீ வளர்க்கும் கலையைப் பரப்பியவர்களில் ஒருவர் ஒரு பாதிரியார் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அருட்தந்தை நியூட்டன் என்பவர் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற ஒரு பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்தார் பலருக்குப் பயிற்சி அளித்தார். 'நியூட்டன் பெட்டி' என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. பிற்பாடு கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கரின் தலைமையில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையம் ஏழைக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. இன்றும் மார்த்தாண்டம் என்றால் தேன் நினைவுக்கு வருவதற்கு அது ஒரு காரணம். ஊழியம் என்பதன் எல்லை அவர்களுக்குப் பிரசங்க பீடத்தோடு முடிந்துவிடவில்லை.

இனி வேலைக்கு வருவோம். தேன்மெழுகு ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். ஓவிய வேலைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு தேவை. ஆனால் 95 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது என்பாள் என் ஆசிரியை. புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னல்களைத் திறந்துவைத்தே செய்ய வேண்டும். துணித்திரையில் வரைய முடியாது. துணி வளைந்தால் மெழுகு விரிசல் விடும். மரப்பலகை வேண்டும். அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு இருந்தால் முதல் அடுக்கை அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பூச்சு உறிஞ்சாது. அதன்மேல் மெழுகு ஒட்டியதுபோல் தோன்றி, பின்னொரு நாள் தகடாக உரிந்து வரும்.

உயிர்நாடியான இடம் அடுத்ததுதான். தூரிகையால் பூசிய மெழுகு சில விநாடிகளில் உறைந்துவிடும். உறைந்ததன்மேல் அடுத்த அடுக்கைப் பூசலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் அவை இணைந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் சூடான காற்றை அதன்மேல் செலுத்தி, மேல் அடுக்கு இளகி அடி அடுக்கின் மேற்புறமும் இளகி, இரண்டும் ஒன்றையொன்று பிடிக்கும்வரை காட்ட வேண்டும். தொழிற்சாலைகளில் பொட்டலங்களின்மேல் பிளாஸ்டிக் உறையைச் சுருக்கப் பயன்படும் வெப்பக்காற்றுக் கருவி ஓசூரில் எளிதாகக் கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம். சூடு குறைந்தால் அடுக்குகள் அந்நியராகவே இருக்கும். மிஞ்சினால் அடியிலுள்ள கோடெல்லாம் கரைந்து ஓடிவிடும். மெழுகின் பளபளப்பு ஈரம்போல ஒரு கணம் மினுங்குகிறதே, அந்தக் கணத்தில் கையை எடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று காட்டத்தான் முடியும் என்கிறாள் அவள். உண்மைதான்.

வேதத்தின் நான்கு இடங்களையும் இப்போது மீண்டும் வாசிக்கும்போது எனக்குள் வேறொரு கேள்வி எழுகிறது. அந்த வசனங்களின் பொருளை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. உருகுதல் அங்கே பயத்தின் அடையாளம்தான். ஆனால் தச்சனுக்கு மரம் தெரிவதுபோல மெழுகைக் கையாள்கிறவனுக்கு மெழுகு தெரியும். உருகாத மெழுகு எதோடும் சேராது என்பதை அவன் அறிவான். 22ஆம் சங்கீதத்தின் இருதயம் உருகியதோடு அந்தச் சங்கீதம் நின்றுவிடவில்லை. அதன் பிற்பகுதியில் ஒரு பெரிய சபையே கூடிவருகிறது. பொறுமையாக முழுவதையும் வாசித்துப் பாருங்கள்.

உருகிச் சேர்ந்த மெழுகு எவ்வளவு காலம் நிற்கும் என்றும் கேட்கலாம். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோம அறிஞர் பிளினி, தம் பெருநூலின் 35ஆம் புத்தகத்தில் இம்முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். மெழுகு வண்ணம் பூசிய கப்பல்கள் வெயிலுக்கும் உப்புக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்ததாகச் சொல்கிறார். எகிப்தின் ஃபாயூம் பகுதியில், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் அடக்கம்பண்ணப்பட்டவர்களின் முகங்களை மரப்பலகையில் தீட்டிச் சடலத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அவற்றில் சுமார் 900 கிடைத்திருக்கின்றன. பல மெழுகினால் ஆனவை. அந்தக் கண்கள் நேற்று மூடியவைபோல இருக்கின்றன. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதுவே போதுமானதாக இருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்தில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்துவின் முகம். ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் உயரமுள்ள பலகையில் மெழுகினால் தீட்டப்பட்டது. முகத்தின் ஒரு பாதி சாந்தமாகவும் மறு பாதி கண்டிப்பாகவும் தெரிகிறது. ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தால் வேறொருவரைப் பார்ப்பதுபோல் இருக்கும். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்கள் தேடித்தேடி அழிக்கப்பட்டன. சீனாய் அப்போது அரபியர் ஆட்சியில் இருந்தபடியால் பேரரசனின் ஆணை அங்கே எட்டவில்லை. வனாந்தரத்தின் உலர்ந்த காற்றும் துணைசெய்தது. நம் சபையார் திருவுருவங்களை வணங்கும் மரபினர் அல்லர் என்பதை நான் மறக்கவில்லை. எனினும் தேனீயின் வயிற்றில் சுரந்த ஒன்று, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு முகத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதில் வணங்குவதற்கல்ல, வியப்பதற்கு இடமுண்டு.

நிலத்தை வரைவதற்கு வருகிறேன். நம் ராயக்கோட்டை ஓவியர்களுக்குப் புதிய இடமன்று. 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை இந்த மலைக்கோட்டையைத் திப்புவின் ஆட்களிடமிருந்து கைப்பற்றியது. அடுத்த ஆண்டே தாமஸ் டேனியல் என்னும் ஆங்கில ஓவியரும் அவருடைய அண்ணன் மகனோ தம்பி மகனோ ஆன வில்லியம் டேனியலும் பாராமகால் வழியாகப் பயணம் செய்து மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு போனார்கள். 'ஓரியண்டல் சீனரி' என்ற அவர்களுடைய பெருந்தொகுப்பில் ராயக்கோட்டையும் இடம்பெற்றிருக்கிறது. அவர்கள் பார்த்தது போர் நடந்த மலை. அதன் அடியில் எந்தக் குடியானவன் என்ன விதைத்திருந்தான் என்பது அவர்கள் வேலையன்று. எங்கள் பலகையில் கோட்டைமலை தொடுவானத்தில் ஒரு நீலச் சாயலாக மட்டுமே இருக்கிறது. பலகையின் முக்கால் பங்கு செம்மண்தான்.

டப்பா மண்ணை முதலில் சலித்து, வெயிலில் உலர்த்தி, வாணலியில் ஈரம் போக வறுத்தோம். ஈரமிருந்தால் சூடான மெழுகில் பட்டுத் தெறிக்கும். நைசான தூளை மெழுகில் குழைத்து வயலுக்குப் பூசினோம். கரகரப்பான மிச்சத்தை உறையுமுன் மேலே தூவி, வெப்பம் காட்டி உள்ளே இறக்கினோம். இரும்பு ஏறிய நம் செம்மண்ணுக்கு மெழுகினுள் வந்த நிறத்தை என்னவென்று சொல்வது? முதல் மழை விழுந்த அரைமணி நேரத்துக்குப் பின் தெரிகிற நிறம் அது. மார்கழி விடியலில் இங்கே பாறைகளுக்கிடையே நிற்கும் மூடுபனிக்கு வண்ணமே தேவைப்படவில்லை. வெறும் மெழுகையே மெல்லிய அடுக்குகளாக மூன்று முறை பூசினால் பனி இறங்கிவிடுகிறது.

வயலின் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. சகோதரரிடம் நில அளவைத் துறையின் புலப்படத்தின் நகல் ஒன்று இருந்தது. எல்லைக் கோடுகள், அளவுகள், கிணற்றுக்கு ஒரு சிறு வட்டம். அதை மெல்லிய காகிதத்தில் நகலெடுத்து முதல் அடுக்கின்மேல் வைத்து மெழுகு பூசினோம். மெழுகு ஊறியதும் காகிதம் கண்ணாடிபோலாகி மறைந்துவிட்டது. கோடுகள் மட்டும் மண்ணுக்குள் மிதந்தன. பத்திரத்தில் கைமாறிப்போன அதே கோடுகள். சகோதரர் வெகுநேரம் விரலால் அவற்றின்மேல், தொடாமல், நடந்துகொண்டிருந்தார்.

இந்நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை அந்த அம்மையார் வந்தார். கணவருக்கு மதிய மாத்திரை கொடுக்க வந்ததாகச் சொன்னார். மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஒருவரும் பேசவில்லை. அடுப்பில் மெழுகுச் சட்டி லேசாக முனகிக்கொண்டிருந்தது.

"புளியமரம் அங்க இல்ல" என்றார்.

சகோதரர் நிமிர்ந்து பார்த்தார். கிணற்றுக்குக் கிழக்கே புளியமரத்தை வைக்கச் சொன்னவர் அவர்தான்.

"மேக்கால இருந்துச்சு. சாயங்காலம் நிழல் கெணத்து மேல விழும். கூலியாளுங்க அங்கதான் உக்காந்து சாப்பிடுவாங்க. நீங்க காலையில தண்ணி பாய்ச்சிட்டு சந்தைக்குப் போயிடுவீங்க. சாயங்காலம் அங்க இருந்தது நான்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைத் திருத்துகிறவர்போலச் சொன்னார். அதன் பின்பு களத்துமேடு எங்கே, எந்த வரப்பில் அவரை ஏறியது, பாம்புப் புற்று எந்த மூலையில், பெண் பிள்ளை விழுந்து நெற்றியில் தையல் போட்ட பாறை எது என்று ஒவ்வொன்றாக வந்தது. சகோதரர் சிலவற்றை மறுத்தார். அவர் விடவில்லை. "நீங்க வித்தீங்க, நான் வெதச்சேன்" என்று ஓரிடத்தில் அவர் சொன்னபோது, சகோதரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்ல, "பெண்ணோட கல்யாணத்தை நிறுத்தச் சொல்றியா அப்போ?" என்றார். "அதை அன்னிக்கே என்கிட்டக் கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார் அம்மையார். நானும் ஆசிரியையும் தூரிகைகளைத் துடைக்கிற பாவனையில் அடுத்த அறைக்குச் சென்றுவிட்டோம். துடைப்பதற்கு அங்கே அதிகமில்லை. மெழுகுத் தூரிகையை யாரும் கழுவுவதில்லை, அது அப்படியே உறையும், அடுத்த முறை சூட்டில் தானே இளகும்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆலோசனை சொல்ல வேண்டிய இடமா என்று ஒரு கணம் எண்ணினேன், எதுவும் சொல்லவில்லை.

மரத்தை இடம் மாற்றுவது மெழுகில் பெரிய காரியமன்று. எண்ணெய் வண்ணமாக இருந்தால் மேலே பூசி மறைக்க வேண்டும். மெழுகில் அந்த இடத்தை மட்டும் இளக்கி, தகட்டுக் கத்தியால் வழித்தெடுத்து, அதையே மறுபுறம் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் கிழக்கிலிருந்த மரத்தை முழுவதும் எடுக்க முடியவில்லை. அடி அடுக்கோடு சேர்ந்துவிட்ட ஒரு நிழல் செம்மண்ணுக்குள் தங்கிவிட்டது. இன்னும் சுரண்டலாமா என்று ஆசிரியை கேட்டாள். "இருக்கட்டும் பாப்பா, அவரு நெனப்புல அங்கதான் இருந்துச்சு போல" என்றார் அம்மையார்.

கோடையைப் பற்றிக் கேட்பீர்கள். கிருஷ்ணகிரி வெயிலுக்கு மெழுகுப்படம் தாங்குமா? சுவர் நிழலில் தாங்கும். நம் கோடை மெழுகின் உருகுநிலைக்கு மிகவும் கீழேதான் நிற்கிறது. நேர் வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரிலும், மூடிய காருக்குள்ளும் வைக்கக் கூடாது. முதல் சில மாதங்களில் மேற்பரப்பில் வெண்மையான ஒரு மங்கல் படரும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். இதைச் சொன்னபோது, "தெனமும் தொடைக்கலாமா?" என்று அம்மையார் கேட்டார். எப்போதாவது துடைத்தால் போதும் என்றோம். அவருக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடிக்கவில்லை.

படம் இன்னும் முடியவில்லை. சென்ற வாரம் உறவினர் வயலிலிருந்து ஒரு கேழ்வரகுக் கதிரை அவர் கொடுத்தனுப்பியிருக்கிறார். கிணற்றுக்கு இந்தப் பக்கம் வைக்க வேண்டுமாம். பச்சையாக வைத்தால் மெழுகுக்குள் ஈரம் நின்று கறுத்துவிடும் என்று, நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறோம். காய்வதற்கு இன்னும் இரண்டு திங்கட்கிழமைகளாவது ஆகும்.